தவளை ஏன் கூவவில்லை?

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

உபந்யாஸங்களில் நாம் பலமுறை கேட்டு உருகிய கதை ஒன்று உண்டு. வனவாஸ காலத்தில் பெருமாள் ஒரு பொய்கையில் நீராட எழுந்தருளுகிறார். கரையின் ஈரமண்ணில் கோதண்டத்தை ஊன்றிவிட்டு நீரில் இறங்குகிறார். நீராடி மீண்டு வில்லை எடுக்கும்போது அதன் நுனியில் குருதி படிந்திருக்கக் காண்கிறார். குனிந்து நோக்கினால், மண்ணுக்குள் ஒடுங்கிக் கிடந்த ஒரு சிறு தவளை குத்துண்டு துடித்துக்கொண்டிருக்கிறது. திருவுள்ளம் பதறி, “வில்லை ஊன்றியபோதே ஒரு குரல் கொடுத்திருக்கலாகாதா?” என்று வினவுகிறார். தவளை விண்ணப்பம் செய்கிறது: “பாம்பு பற்றினால் ‘ராமா’ என்று கூவுவேன். ராமனே குத்தினால் யாரைக் கூவுவேன்?”

வால்மீகி பகவான் இக்கதையைப் பாடவில்லை. செவிவழியாக வந்து, கதை சொல்லும் பெரியோர்களின் நாவிலும் பாட்டிமார்களின் மடியிலும் வளர்ந்தது இது. ஆயினும் தள்ளத்தக்க கதையன்று. ரக்ஷகனே துன்பத்துக்குக் காரணமாகத் தோன்றும்போது ரக்ஷிக்கப்பட வேண்டியவன் என்ன செய்வது என்ற கேள்வியை இத்தனை சுருக்கமாக எழுப்பும் கதை வேறு காண்பது அரிது.

இக்கதையை அடியோங்களும் சொன்னதுண்டு. சில ஆண்டுகளுக்கு முன், வளர்ந்த பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு மூதாட்டியாரைக் காணச் சென்றிருந்தோம். துக்கம் விசாரிக்கப் போனவர்களுக்கு என்ன சொல்வதென்று தெரியாதபோது தெரிந்த கதை வாயில் வந்துவிடுகிறது. தவளையின் கதையைச் சொல்லி, “பெருமாள் திருவுள்ளம் இதுவானால் நாம் வாய் திறப்பது தகுமோ?” என்று முடித்தோம். அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு, “ஸ்வாமி, நான் ராத்திரியெல்லாம் அவரிடந்தானே அழுகிறேன். அது அபசாரமா?” என்று கேட்டார். அன்று எங்களிடம் விடை இல்லை. அந்தக் கேள்வியோடு வீடு திரும்பினோம். இக்கட்டுரை, காலம் கடந்து சொல்லப்படும் அந்த விடை.

முதலில் தவளையைப் பற்றி நம் நூல்கள் என்ன கூறுகின்றன என்று நோக்குவோம். ருக்வேதத்தின் ஏழாம் மண்டலத்தில் நூற்று மூன்றாவது ஸூக்தம் தவளைகளைப் பற்றியது. அதைக் கண்ட ரிஷி, இக்ஷ்வாகு குலத்துக்குக் குலகுருவாகிய வஸிஷ்டர். ஓராண்டு முழுதும் விரதம் காக்கும் அந்தணர்களைப் போல் அடங்கிக் கிடந்த தவளைகள், மழை வந்ததும் குரலெழுப்புகின்றன என்கிறது அது. வற்றிய குளத்தில் உலர்ந்த தோற்பை போலக் கிடந்தவை, நீர் வந்து தொட்டதும் பேசத் தொடங்குகின்றன. ஆசிரியன் சொல்வதை மாணாக்கன் திருப்பிச் சொல்வதுபோல் ஒன்றன் குரலை மற்றொன்று வாங்கிச் சொல்கிறது. வஸிஷ்டர் மழை வேண்டிப் பர்ஜன்யனைத் துதித்தபோது தவளைகள் அதனை ஆமோதித்தன என்றும், அதைக் கண்டு மகிழ்ந்து அவர் அவற்றையே துதித்தார் என்றும் நிருக்தத்தில் யாஸ்கர் உரைக்கிறார்.

ஸ்ரீபாகவதத்தின் பத்தாம் ஸ்கந்தத்தில் மழைக்கால வர்ணனை வருமிடத்திலும் இவ்வுவமையைக் காண்கிறோம். மேகத்தின் ஒலி கேட்டதும், நியமம் முடியும்வரை மௌனமாயிருந்து பின்பு வேதம் ஓதும் அந்தணரைப் போலத் தவளைகள் வாய் திறந்தன என்கிறார் ஸ்ரீசுகர். ஸ்ரீராமாயணத்திலோ அந்தக் குரலைக் கேட்பவர் பெருமாளே. கிஷ்கிந்தா காண்டத்தில், பிராட்டியைப் பிரிந்து மலைக்குகையில் மழைக்காலத்தைக் கழிக்கும்போது இளையபெருமாளிடம் அம்மழையை வர்ணிக்கிறார். வண்டுகளின் முரற்சி யாழிசை. மேகத்தின் முழக்கம் மிருதங்கம். தவளைகளின் குரல் தாளம். காடு முழுதும் ஒரு ஸங்கீதம் நடப்பதாக அவருடைய திருச்செவிக்குப் படுகிறது. ஆக, வேதத்திலும் இதிஹாஸத்திலும் புராணத்திலும் தவளைக்குப் பெருமை அதன் குரலினால் வந்தது. குரல் கொடுப்பதே அதன் இயல்பு. வாய் மூடிய தவளையை நம் செவிவழிக் கதையில் மட்டுமே காண்கிறோம். அதன் மௌனம் நம்மை உலுக்குவதற்கும் அதுவே காரணம்.

இக்ஷ்வாகு குலத்து மன்னன் ஒருவனிடம் தவளைகள் அடிபட்ட கதை மஹாபாரதத்தின் வனபர்வத்திலும் உண்டு. மார்க்கண்டேயர் பாண்டவர்களுக்குச் சொல்வது அது. அயோத்தியை ஆண்ட பரீக்ஷித் என்னும் மன்னன் (அபிமன்யுவின் மைந்தனாகிய பரீக்ஷித் வேறு) காட்டில் ஒரு பெண்ணைக் கண்டு மணக்கிறான். தனக்கு நீரைக் காட்டலாகாது என்பது அவள் விதித்த நிபந்தனை. ஒருநாள் அது தவறிப்போகிறது. குளத்தில் இறங்கிய அவள் மறைந்துவிடுகிறாள். குளத்தை இறைத்துப் பார்த்தால் ஒரு வளையின் வாயில் தவளைதான் இருக்கிறது. தவளைகளே தன் தேவியைத் தின்றுவிட்டன என்று சினந்து, எங்கும் தவளைகளைக் கொல்லும்படி மன்னன் ஆணையிடுகிறான். அஞ்சிய தவளைகள் தம் அரசனாகிய ஆயுவிடம் ஓடுகின்றன. ஆயு என்ன செய்தான்? வேறொரு தேவதையைத் தேடிப் போகவில்லை. கொல்லும் மன்னனிடமே தவவேடத்தில் சென்று, குற்றமற்றவற்றைக் கொல்லாதே என்று முறையிட்டான். மன்னன் முதலில் இசையவில்லை. மறைந்தவள் தன் மகள் ஸுசோபனையே என்று ஆயு உண்மையைச் சொல்லி, அவளை மீண்டும் கொடுத்த பின்பு மன்னனின் சினம் தணிந்தது. குத்தியவனிடமே கூவலாம் என்பதற்கு இது தவளைக் குலத்திலேயே கிடைக்கும் சான்று. சினத்தால் மதி மயங்கிய மன்னனே செவி சாய்த்தானாகில், குற்றமொன்றும் இல்லாத சக்கரவர்த்தித் திருமகன் செவி சாய்க்காதிருப்பாரோ?

இனி, பெருமாளாலேயே நோவு பட்டவர்கள் ஸ்ரீராமாயணத்தில் எப்படி நடந்துகொண்டார்கள் என்பதைப் பார்ப்போம்.

வாலி பெருமாளின் அம்பு தைத்து வீழ்ந்தவன். மறைந்து நின்று எய்தது தகுமோ என்று உயிர் போகும் தறுவாயில் கடுஞ்சொற்களால் கேட்டான். பெருமாள் அவனை அதட்டி அடக்கவில்லை. அருகில் நின்று நெடுநேரம் விடை கூறினார். அவ்விடையால் தெளிந்த வாலி, தான் பேசியதைப் பொறுக்கும்படி வேண்டி, அங்கதனை அவரிடமே ஒப்படைத்தான். கேள்வி கேட்டதனால் அவன் பெருமாளை இழக்கவில்லை. கேட்ட வழியாகவே அவரை அடைந்தான்.

காகாஸுரன் கதை இன்னும் நெருக்கமானது. பிராட்டியிடம் பெரும் அபசாரம் செய்து, பெருமாள் விட்ட புல்லாகிய அஸ்திரம் துரத்த மூவுலகும் சுற்றினான். எங்கும் புகலில்லை. ராமனே துரத்தினால் யாரிடம் போவது என்ற கேள்வி அவனுக்கும் வந்ததே. அவன் கண்ட விடை, துரத்தியவர் திருவடிகளிலேயே விழுவது. ஒரு கண்ணை இழந்தானாயினும் உயிர் பெற்றான். நம் தவளை அறிந்தது அநந்யகதித்வம்; வேறு புகல் இல்லை என்ற பாதி. அந்தப் புகல் இன்னும் இருக்கிறது என்ற மறுபாதியைக் குற்றவாளியான ஒரு காகம் நமக்குக் காட்டிக் கொடுத்தது.

விழுந்த காகத்தின் தலை பெருமாள் திருவடிகளை நோக்கியிராமல் வேறு பக்கம் இருந்ததாகவும், பிராட்டியே அத்தலையைத் திருவடிகளில் சேர்த்ததாகவும் பாத்ம புராணத்தைக் கொண்டு நம் பெரியோர் அநுபவிப்பர். புருஷகாரத்தின் முழு வடிவம் அதுவே. கூவ வலியற்றுக் கிடப்பவன் முகத்தை அவன் பக்கம் திருப்பி வைப்பது புருஷகாரம். கூவுகின்றவன் வாயைப் பொத்துவதற்கு என்ன பெயர் இடுவது? அந்த மூதாட்டியார் முன் அடியோங்கள் செய்தது எது என்று நினைக்கும்போது நெஞ்சு கூசுகிறது.

இங்கே ஓர் ஆக்ஷேபம் எழும். எம்பெருமான் இட்ட வழக்காயிருப்பதன்றோ ஜீவனுக்குப் பாரதந்த்ரியம்? முறையிடுவது அதற்குக் குறையன்றோ? ஆராய வேண்டிய கேள்வி இது. பாரதந்த்ரியத்துக்கு நம் ஆசார்யர்கள் எடுத்துக்காட்டுவது ஸ்ரீபரதாழ்வானை. அவர் சித்ரகூடத்தில் என்ன செய்தார் என்பதை நினைக்க வேண்டும். அழுதார், தர்மம் எடுத்துரைத்தார், பெருமாள் திரும்பி எழுந்தருள இசையாதபோது தர்ப்பையைப் பரப்பி அவர் முன் கிடந்தும் பார்த்தார். எல்லாம் சொல்லித் தீர்ந்தபின், திருவுள்ளம் மாறாதென்று கண்டு, பாதுகைகளைத் தலைமேல் ஏற்றுக்கொண்டு மீண்டார். முறையிட்டதால் அவருடைய பாரதந்த்ரியம் குறையவில்லை. முறையீட்டுக்குப் பின்னும் அவர் திருவுள்ளத்தை ஏற்றதிலே அது விளங்கிற்று.

பிராட்டியின் நிலையும் அத்தகையது. அவள் பெருமாளைப் பிரிந்தது மூன்று முறை. முதற்பிரிவு அவளுடைய கிருபையையும், நடுப்பிரிவு பாரதந்த்ரியத்தையும், கடைசிப் பிரிவு அநந்யார்ஹத்வத்தையும் வெளியிடுவதற்காக என்று ஸ்ரீவசநபூஷணத்தில் பிள்ளை லோகாசார்யர் அருளிச்செய்கிறார். அப்பேர்ப்பட்டவள், இலங்கையில் போர் முடிந்தபின் பெருமாள் கடுமொழி கூறியபோது வாய் மூடி நிற்கவில்லை. எளியவன் எளியவளிடம் பேசுவதுபோல் என்னிடம் பேசலாமோ என்று நேரே கேட்டாள். கேட்டபின்பே அக்கினியில் இறங்கினாள். பேசியதும் அவரிடம், இறங்கியதும் அவருக்காக.

ஆழ்வார்களிடம் வருவோம். ராமபக்தியில் தலைநின்ற குலசேகரப் பெருமாள், பெருமாள் திருமொழியின் ஐந்தாம் திருமொழியில் வித்துவக்கோட்டு அம்மானை நோக்கி விண்ணப்பம் செய்வது முழுதும் இந்தத் தவளையின் கேள்விக்கே விடையாக அமைந்திருக்கிறது. துயர் தருபவனும் நீயே, அதைத் தடுக்க வேண்டியவனும் நீயே, ஆயினும் உன்னையொழிய எனக்குப் புகலில்லை என்பது அதன் கருத்து. அறுத்துச் சுடும் மருத்துவனிடம் அன்பு மாறாத நோயாளனையும், எத்துயர் செய்தாலும் அரசனின் செங்கோலையே நோக்கி வாழும் குடிகளையும் அங்கே காண்கிறோம். இவற்றுக்கெல்லாம் முன்னே ஆழ்வார் வைத்த உவமை எது? பெற்ற தாய் சினத்தால் அகற்றித் தள்ளினாலும் அவள் அருளையே நினைந்து அழும் குழந்தை. உவமையாகக் காட்டும்போதும் ஆழ்வார் அக்குழந்தையின் அழுகையை நீக்கவில்லை. அடித்த தாயிடமே ஓடி அவள் முந்தானையைப் பற்றி அழும் குழந்தையை நாம் வீட்டில் காண்கிறோம். அந்த அழுகை தாயின்மேல் வந்த ஐயமன்று. அவளை விட்டால் அழுவதற்கு வேறிடம் அறியாமை.

ஆண்டாள் தன் கைவளைகளைத் திருவரங்கர் கவர்ந்துகொண்டார் என்று நாச்சியார் திருமொழியின் பதினோராம் திருமொழியில் முறையிடுகிறாள். நம்மாழ்வாரோ பராங்குச நாயகியாய், காலம் தாழ்த்து வந்த கண்ணனைக் கதவடைத்து ஊடுகிறார். இவையெல்லாம் நாம் நாள்தோறும் ஸேவிக்கும் பாசுரங்கள். எம்பெருமான் ஸந்நிதியிலேயே, அவன் திருச்செவி கேட்கவே ஸேவிக்கிறோம். தன்மேல் சொல்லப்பட்ட குறையைத் தன் முன்னே பாடச் சொல்லிக் கேட்டு உகப்பவன் அவன். அவனிடம் அழுவது அபசாரமாகுமாயின், திவ்யப்ரபந்தத்தில் எத்தனையோ பாசுரங்களை நாம் ஒதுக்கி வைக்க வேண்டியிருக்கும்.

இன்னொன்றையும் சொல்லாமல் விடலாகாது. தவளையின் கதையைச் சொல்லி மனிதர் செய்யும் தீங்குக்கு நாம் மறைவு கட்டக்கூடாது. வீட்டிலோ பணியிடத்திலோ, அறம் உரைக்க வேண்டிய இடங்களிலோ, காக்க வேண்டியவரே துன்புறுத்தும்போது, “ராமனே குத்தினால் என்ன செய்வது” என்று பொறுத்திருக்கச் சொல்வது கதையைப் பிழைபட உணர்ந்ததாகும். கணவனோ தந்தையோ முதலாளியோ உபதேசிப்பவரோ, எவரும் கோதண்டம் ஏந்திய ராமன் அல்லர். திரௌபதி தன்னைக் காக்க வேண்டியவர்கள் நிறைந்த ஸபையில் முதலில் கேள்வி கேட்டாள். தன்னைத் தோற்றவர் என்னைத் தோற்கும் உரிமை உடையவரோ என்ற அக்கேள்விக்குப் பெரியோர்கள் விடை தர இயலாது தவித்தார்கள். அவள் எம்பெருமானையும் கூவினாள். தொலைவிலிருந்த தன்னை அவள் ‘கோவிந்தா’ என்று கூவிய அது, வட்டி ஏறிய கடன்போல் தன் நெஞ்சைவிட்டு நீங்கவில்லை என்று பிற்பாடு கண்ணபிரானே சொல்லக் கேட்கிறோம். ஒரு கூக்குரலைத் தான் பட்ட கடனாக எண்ணுகிறவனிடம், கூவாதிருப்பதை உயர்ந்த பக்தி என்று எப்படிச் சொல்வது?

தவளை வடிவில் அவனுக்காகக் காத்திருந்த ஒருவரை நம் திவ்யதேச வரலாறும் காட்டுகிறது. திருமாலிருஞ்சோலை மலையில் நூபுரகங்கையில் நீராடிக்கொண்டிருந்த ஸுதபஸ் முனிவர், அங்கு வந்த துர்வாஸரைக் கவனியாதிருந்தமையால் தவளையாகும்படி சபிக்கப்பட்டார். வைகைக் கரையில் தவம் செய்து காத்திருந்தால் அழகர் வந்து சாபம் தீர்ப்பார் என்பது அவருக்குக் கிடைத்த வழி. ஆண்டுதோறும் சித்திரைத் திருவிழாவில் அழகர் மலையிலிருந்து இறங்கி, மதுரைக்கு எழுந்தருளி, வைகையில் தேனூர் மண்டபத்தில் கருட வாஹநத்தில் மண்டூக மஹரிஷிக்கு சாபவிமோசனம் அருளுகிறார். மலையிலிருந்து மதுரை ஏறத்தாழ 20 கிலோமீட்டர். தவளைக்கு மலை ஏற இயலாது. ஆகையால் மலையில் நிற்பவர் ஆற்றுக்கு இறங்குகிறார். வழியெங்கும் லக்ஷக்கணக்கானோர் ‘கோவிந்தா’ என்று கூவும் குரலினூடே அவர் இறங்கி வருவதை நாம் ஸேவிக்கிறோம்.

மீண்டும் பொய்கைக் கரைக்கு வருவோம். இத்தனை காலம் இக்கதையைச் சொன்ன நாம், அதில் பெருமாள் வினவிய வினாவைச் சரியாகக் கேட்கவில்லை என்று தோன்றுகிறது. “ஏன் குரல் கொடுக்கவில்லை?” என்றார் அவர். குரல் வந்திருந்தால் அக்கணமே வில்லை எடுத்திருப்பார் என்பது அதன் பொருள். கூவாமையை அவர் மெச்சவில்லை, அதற்காக வருந்தினார். பிராட்டியைக் காணாமல் மரங்களையும் மலைகளையும் நோக்கிக் கதறியவருக்கு, வலியால் எழும் குரல் குற்றமாகத் தோன்றுமோ?

தவளை கடைசிவரை மௌனமாகவும் இருந்துவிடவில்லை. “ராமனே குத்தினால் யாரைக் கூவுவேன்” என்பது ராமனிடமே சொன்ன சொல். யாரிடமும் முறையிட இயலாதென்று அவரிடமே முறையிட்டது. அதைவிட நேரான கூக்குரல் ஏது? பெருமாள் குனிந்து கேட்டார்; தவளை வாய் திறந்தது. அப்படித் திறந்ததனாலன்றோ இக்கதை நம்வரை வந்து சேர்ந்தது? மௌனத்துக்குச் சான்றாக நாம் காட்டிய கதை, முறையீட்டிலே முடிந்திருக்கிறது.

அந்த மூதாட்டியார் இன்றும் அதே தெருவில் இருக்கிறார். இதை எழுதுமுன் அவரிடம் சென்று, அன்று சொன்னது பிழை என்று விண்ணப்பித்தோம். “அம்மா, தேவரீர் அழலாம். அவரிடமே அழலாம். அழுதவர்களின் பாசுரங்களைத்தான் நாங்கள் ஸேவித்துக்கொண்டிருக்கிறோம்” என்றோம். அவர் சிரித்தார். “நீங்கள் சொல்லாவிட்டாலும் நான் நிறுத்தவில்லை, ஸ்வாமி” என்றார்.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.